கடல்கோளைக் குழந்தைகளுக்கு எவ்வாறு சொல்வது?

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டித் திண்டுக்கல்லில் நடைபெற்ற பெற்றோர் – பாடசாலை ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





அறக்கட்டளையார் என்னை அழைத்தபோது சிலப்பதிகாரத்தைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன் என்றதும் செயலாளர் சற்றே திகைத்தார். "ஐயா, தாங்கள் தமிழாசிரியர் ஆயிற்றே!" என்றார். தமிழாசிரியனாக இருந்து நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

சென்ற கோடை விடுமுறைப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். எங்கோ ஓர் எரிமலை நெருப்பைக் கக்கும் காட்சியை அலைபேசியில் பார்த்திருக்கிறாள். மலைக்கோட்டையைச் சுட்டிக்காட்டி, "நம்ம மலையும் இப்படி வெடிச்சுடுமா தாத்தா?" என்று கேட்டாள். நான் விடை சொல்வதற்குள் இன்னொரு வினாவையும் தொடுத்தாள். "பாவம் கூடிப்போனா பூமி ஆடும்னு எங்க ஆயா சொல்றாங்களே, மெய்யா?" இரண்டு வினாக்களுக்கும் அன்று நான் சொன்ன விடைகள் முழுமையானவை அல்ல. வீடு திரும்பியபின் தோன்றியவற்றை இன்று சொல்கிறேன்.

முதல் வினா எளிது. திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயரே திண்டு போன்ற அக்கல்லால் வந்தது என்பர். அது அணைந்துபோன எரிமலை என்று நம்மூரில் படித்தவர் சிலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எரிமலையன்று, எக்காலத்தும் எரிமலையாக இருந்ததுமில்லை. நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறி, மேலே கிடந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனபின் வெளித்தெரிந்த மிகப் பழைய பாறை அது. பழனி மலைத்தொடரும் கொடைக்கானலும் நிற்கும் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். அப்பெயர் வந்த கதை சுவையானது. கொல்கத்தா நகரோடு பெயர் இணைந்த ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல்லைத் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் ஆராய்ந்தார். சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் அதுவும் ஒரே வகையெனக் கண்டு, கல்லறையில் துயில்பவரின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். ஆக, நம் மலைக்கு உலக நிலவியல் நூல்களில் வழங்கும் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது.

வத்தலக்குண்டைக் கடந்து கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டி என்னும் ஊர் உண்டு. நாம் பேருந்தில் உறங்கியபடியே கடந்துபோகும் அவ்வூரின் பாறைகளைத் தேடி நிலவியலார் வந்திருக்கின்றனர். 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்த பாறைக்கே உரிய அரிய கனிமங்கள் அங்குக் கிடைக்கின்றன. அவ்வாறு வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்று தனித்தனியே கிடக்கும் ஆப்பிரிக்கா, மடகாசுகர், இந்தியா, இலங்கை, ஆத்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவை ஒன்றோடொன்று மோதி ஒரே பெருநிலமாக இணைந்த காலம் அது. அப்பெருநிலத்தைக் கோண்டுவானா என்கின்றனர். நடுவிந்தியாவின் கோண்டு மக்களின் பெயரால் ஆத்திரிய அறிஞர் எடுவர்டு சூயஸ் வைத்த பெயர் அது.

இவ்வளவு பெரிய ஆண்டுக்கணக்கு குழந்தையின் மனத்தில் நில்லாது. அதற்கு ஐவர்மலை உதவும். பழனிக்கு அருகில் அம்மலையின் முகப்பில் பதினாறு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளதை நம்முள் பலர் வணங்கியிருக்கிறோம். அங்குள்ள வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 எனத் தன் காலத்தைத் தானே கூறுகிறது. குழந்தைகளிடம் நான் சொல்வது இது: "அந்தப் பாறையின் வயதை ஓராண்டு என்று வைத்துக்கொள். தை முதல் நாள் பாறை பிறந்தது. மார்கழிக் கடைசி நாள் நள்ளிரவுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்புதான் சிற்பி உளியை எடுத்தார்." ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டு என்றால் வியக்காத பிள்ளைகள் இதற்கு வாய் பிளந்து நின்றதைக் கண்டிருக்கிறேன்.

பள்ளிக் கண்காட்சிகளைப் பற்றி ஒரு சொல். ஆண்டுதோறும் மண்ணால் கூம்பு செய்து, சமையல் சோடாவும் வினிகரும் சிவப்புச் சாயமும் ஊற்றி எரிமலை காட்டுகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலை எங்குள்ளது என்று அம்மாதிரியைச் செய்த மாணவனைக் கேட்டால் பெரும்பாலும் விழிக்கிறான். அந்தமான் கடலில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஆளில்லாத பாரன் தீவில் அது உள்ளது. நெடுங்காலம் உறங்கி, 1991 ஆம் ஆண்டு மீண்டும் விழித்தது. அது ஏன் அந்தமானில் இருக்கிறது, திண்டுக்கல்லில் ஏன் இல்லை என்னும் வினாவில்தான் பாடம் தொடங்குகிறது.

அப்பாடத்துக்கு அடுக்களையே போதும். காய்ச்சும் பாலின் மேல் ஆடை படர்கிறது. அடியில் பால் சூடேறிச் சுழலும்போது ஆடை ஓரிடத்தில் விலகுகிறது, ஓரிடத்தில் மடிகிறது, ஓரிடத்தில் ஒன்றன்கீழ் ஒன்று நுழைகிறது. பூமியின் மேற்புறமும் அவ்வாறே பெரியனவும் சிறியனவுமாகப் பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. இவ்வுவமையில் ஒரு குறையுண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். தட்டுகளின் கீழே இருப்பது பால் போன்ற நீர்மமன்று. கெட்டியான பாறைதான்; ஆயினும் மிகுவெப்பத்தால் மிக மிக மெல்ல இளகி நகர்கிறது. பாடநூல் படங்களைப் பார்த்து, பூமிக்குள் முழுவதும் நெருப்புக் குழம்பு நிரம்பியிருப்பதாக அஞ்சும் குழந்தைகள் பலர்.

இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கிச் செல்கிறது. கைந்நகம் ஓராண்டில் வளரும் நீளத்தைக் காட்டிலும் சற்றே மிகுதி. மடகாசுகரை விட்டுப் பிரிந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதி இமயத்தை எழுப்பியது இந்நடைதான். அந்தமான், சுமத்திரா பக்கம் இத்தட்டு பக்கத்துத் தட்டின் கீழே நுழைந்து இறங்குகிறது. இறங்கும் தட்டிலிருந்து வெளிப்படும் நீர் மேலுள்ள சூடான பாறையை உருக்குகிறது. உருகியது மேலெழுந்து எரிமலையாகிறது. நாமோ தட்டின் விளிம்பில் இல்லை, உட்பகுதியில் இருக்கிறோம். ஆகவே நம் மலை வெடிக்காது என்று அச்சிறுமிக்கு உறுதி கூறலாம்.

எரிமலை இல்லையாயின் நடுக்கமும் இல்லையா? இங்குதான் திண்டுக்கல் பூட்டு எனக்குத் துணை வந்தது. துருவேறிய பழைய பூட்டில் சாவியைப் போட்டுத் திருகுகிறோம். அசையாது. மேலும் மேலும் அழுத்துகிறோம். கை வலிக்கிறது, சாவி வளைகிறது, பூட்டு மட்டும் சும்மா இருக்கிறது. திடீரென ஒரு கணத்தில் 'டக்' என்று திறந்துகொள்ள, நம் கை தெறித்துப் போகிறது. தட்டுகள் உரசும் இடமும் அவ்வாறே பூட்டிக்கொண்டு கிடக்கும். தட்டோ நகர்வதை நிறுத்தாது. நூறாண்டு, இருநூறாண்டு அழுத்தம் சேர்ந்து ஒருநாள் விடுபடுகிறது. நிலவியலாரும் 'பூட்டிய பிளவு' என்னும் பொருள்படவே இதனைக் குறிப்பிடுகின்றனர். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், "ஐயா, எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வருமே?" என்று கேட்டான். அடிக்கடி சிறிது சிறிதாக வழுக்கும் பிளவுகளும் உண்டு. அங்கே பெருநடுக்கம் அரிது. கேள்வியைக் கேட்டவனே பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டான்.

தட்டின் உட்பகுதியிலும் பழைய வெட்டுகள் உள்ளன. விளிம்பில் விழும் அழுத்தம் அவற்றையும் தொடுகிறது. 1900 ஆம் ஆண்டு பிப்ரவரி 8 ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பக்கம் தோன்றிய நடுக்கம் ஏறத்தாழ 6 அளவினது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. நம் நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் முன்பு ஐந்து மண்டலங்கள் இருந்தன. 2002 ஆம் ஆண்டு திருத்தத்தில் மிகக் குறைந்த இடருடைய முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. நடுக்கத்துக்கு முற்றிலும் புறம்பான ஊர் என்று ஒன்று இல்லை என்பதே அதன் பொருள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் வகுப்பில் கடல்கோளைக் கற்பித்தேன். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதை இளங்கோவடிகள் கூறுவதும், அடியார்க்குநல்லார் தம் உரையில் எழுநூறு காவதம், நாற்பத்தொன்பது நாடு என்று கணக்குத் தருவதும், முச்சங்கக் கதை இறையனார் களவியல் உரையில் வருவதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இலெமூரியாக் கண்டம் என்று கரும்பலகையில் வரைபடமே எழுதுவேன். குரல் தழுதழுக்கும். மாணவர் அமைதியாகக் கேட்பர். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கண்டம் மூழ்காது, நகரும்னு அறிவியல் ஐயா சொன்னாரே? எது சரி?" என்றான். நான் அவனை அமரச் சொன்னேன். அதட்டவில்லை, ஆனால் விடையும் சொல்லவில்லை.

விடை இதுதான். இலெமூரியா என்பது 1864 ஆம் ஆண்டு பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார், மடகாசுகரிலும் இந்தியாவிலும் தேவாங்கு போன்ற விலங்கினங்களின் உறவைக் கண்டு, இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் எனக் கருதி இட்ட பெயர். அன்று அது பொருத்தமான ஊகம். 1912 இல் ஆல்பிரட் வெகனர் கண்டங்கள் நகர்ந்தன என்றார். உடனே யாரும் ஏற்கவில்லை. 1960களில் கடல்தரை ஆய்வுகள் வந்தபின் நகர்வு உறுதியாயிற்று. மூழ்கிய கண்டம் தேவையற்றதாயிற்று. நடந்தது பிரிவு, அமிழ்வு அன்று. அதுவும் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னர். ஆயின் நம் புலவர்கள் பொய் சொன்னார்களா? அப்படியும் சொல்ல மாட்டேன். கடைசிப் பனிக்காலம் முடிந்தபின் உலகக் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்துள்ளது. கரையோர நிலங்கள் பல நீருக்குள் போயின. ஆழிப்பேரலைகளும் வந்துள்ளன. கடல் ஊர்களைக் கொள்ளும் என்பது மெய். கண்டத்தைக் கொண்டது என்பது மிகை. ஒரு கூற்றில் எவ்வளவு மெய், எக்கோணத்தில் மெய் எனப் பிரித்துப் பார்க்கப் பழக்கும் அநேகாந்தம் நம் வீட்டுச் சொத்து. அதை நான் என் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லவில்லை.

இதில் உயிர்ச்சேதமும் உண்டு என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.29 அளவில் சுமத்திரா அருகே 9.1 அளவு நடுக்கம். பூட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்குத் திறந்துகொண்டது. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். கடல் உள்வாங்கிய இடங்களில் வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கியவர்களும் உண்டு. கடல்கோள் என்னும் சொல்லை உலகுக்கே சொல்லித் தரத்தக்க மொழி நம்முடையது. ஆனால் கடல் உள்வாங்கினால் திரும்பி ஓடு என்று அம்மொழியில் எந்தப் பாடமும் எங்கள் மாணவர்க்குச் சொல்லவில்லை.

நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் சிமெலுயே என்றொரு தீவு. அலை அங்கே பத்து நிமிட அளவிலேயே வந்துவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அத்தீவில் அலைக்கு இறந்தோர் ஏழு பேர் என்று பதிவாகியுள்ளது. காரணம் ஒரு சொல்: 'ஸ்மோங்'. 1907 ஆம் ஆண்டு அங்கே வந்த பேரலையில் பலர் மாண்டபின், நிலம் வலிதாக ஆடினால், கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு என்பதைப் பாட்டிமார் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் அதைச் சொல்லினர். எம்.ஏ. தமிழ் படித்த நான் கடல்கோளைப் பெருமையாகச் சொன்னேன்; அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னார்கள். அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்து வற்றுவதைக் கண்டு கூச்சலிட்டு, ஏறத்தாழ நூறு பேரைக் கரையேற்றினாள். அதை அவள் புவியியல் வகுப்பில் கற்று இரண்டு வாரமே ஆகியிருந்தது.

நம்மிடம் எச்சரிக்கையே இல்லையா என்றால், இருந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நடுக்கத்தின் அலையும், 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையும் நாகப்பட்டினத்துக் கடல்மட்ட அளவுகருவியில் பதிவாகியுள்ளன. ஆவணம் இருந்தது, பாட்டு இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. மையத்தின் செய்தி வருமுன்னரே காலடி நிலம் செய்தி சொல்லிவிடும் இடங்களும் உண்டு.

நாம் கடலிலிருந்து தொலைவில் இருக்கிறோம், நமக்கென்ன என்று நினைக்கலாம். விடுமுறைக்குக் கன்னியாகுமரியும் இராமேசுவரமும் செல்லாத குடும்பம் இங்கில்லை. பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கின்றனர்.

இனிச் சிறுமியின் இரண்டாம் வினா. 2001 சனவரி 26. கொடியேற்றி, மிட்டாய் வழங்கி வீடு திரும்பியபின் கட்சுப் பகுதி நடுக்கத்தைச் செய்தியில் கேட்டோம். காலை 8.46 மணி, 7.7 அளவு. தொன்மையான பத்ரேசுவர் ஜினாலயமும் அன்று இடிந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் குறுகிய தெருவின் இருபுறமும் இருந்த வீடுகள் சரிந்து மடிந்தனர். அந்த வாரப் பாடசாலையில் ஒரு சிறுவன் கேட்டான்: "அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வினையா செய்திருப்பார்கள்?"

அவர்கள் வினையை அளக்கும் அறிவு எனக்கில்லை என்றேன். தெருவின் அகலத்தை அளக்க முடியும். சுவரின் கனத்தை, அதில் இட்ட சாந்தை, கூரையின் பாரத்தை அளக்க முடியும். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை இலாத்தூர் அருகே கில்லாரிப் பகுதியில் 6.2 அளவு நடுக்கம்தான். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். கனத்த கற்களை மண்ணால் ஒட்டிய சுவர்கள், உறங்குவோர் மேல் விழுந்தன. நம் சமயம் உலகைப் படைத்துத் தண்டிப்பவன் ஒருவனைக் கூறவில்லை. அவ்வாறிருக்க, இறந்த குழந்தைகளின் மேல் பாவத்தை ஏற்றிப் பேசும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? ஆயாவின் மேல் எனக்குச் சினமில்லை. அச்சத்தில் பெரியோர் சொல்லும் விடை அது. ஆயின் குழந்தை அதைக் கேட்டு, தான் பொய் சொன்னதால் பூமி ஆடுமோ என்று இரவில் விழித்திருக்கிறாள். அகிம்சை என்பதில் பிறர்மேல் விழக்கூடிய சுவரை எழுப்பாமையும் அடங்கும் என்பது என் துணிபு.

அந்நிகழ்ச்சிக்குப் பின், பள்ளி ஊர்வலங்களைச் சந்து வழியாகவன்றி அகன்ற சாலை வழியாகவே நடத்த வேண்டும் என்று வற்புறுத்திவந்தேன். ஒரு தலைமையாசிரியர் சிரித்தார்; "திண்டுக்கல்லில் நிலநடுக்கமா?" என்றார். நம் மாவட்டத்துக் கொடைக்கானல் ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே நிலநடுக்கப் பதிவுக்கருவி இயங்கியது என்றேன். ஊர்வலம் அவ்வாண்டும் சந்து வழியாகத்தான் போயிற்று. அடுத்த ஆண்டு மாறியது.

குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது மிகச் சிறிது. நிலம் ஆடினால் ஓடாதே, மேசையின் கீழ் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள், பீரோ, கண்ணாடி ஆகியவற்றை விட்டு விலகு, ஆட்டம் நின்றபின் படிக்கட்டில் இறங்கித் திறந்த வெளிக்குப் போ, மின்தூக்கியில் ஏறாதே. கடற்கரையில் நெடுநேரம் நிலம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக வற்றினாலோ, செருப்பையும் பார்க்காதே, மேட்டுக்குப் போ. இதனைப் பாட்டிமார் தங்களுக்கு வந்த மெட்டில் பாட்டாகக் கட்டித் தந்தால் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடுகிறேன். என் பாட்டுகள் எவையும் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாடசாலை நூலகத்தின் இரண்டு இரும்பு பீரோக்களையும் சுவரோடு பிணைக்கத் தச்சர் வருகிறார். அவற்றின் அடியில்தான் முதல் வகுப்புப் பிள்ளைகள் அமர்கின்றனர். புத்தகங்களை இறக்கி வைக்க நான்கு பேர் வேண்டும். பெயர் தர விரும்புவோர் உணவு முடிந்ததும் என்னைப் பார்க்கலாம்.